7393-இல் நிறுத்திய வீடு

மீட்டர் கண்ணாடியின்மேல் கட்டைவிரலை வைத்துக் கடைசி இலக்கத்தை மறைக்கிறார். உதடு அசைகிறது. விரல் இடப்பக்கம் நகர்ந்து இன்னொன்றையும் மறைக்கிறது. வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கேட்பார்கள்.

“மீட்டர்ல கோளாறா சார்?”

“மீட்டர் நல்லாத்தான் இருக்கு. நம்பர்தான் சரியில்ல. மூணால பங்கு போகுது.”

மாதம் ஒருமுறை மின்சார ரீடிங் எடுக்க வருபவர். ஒட்டடைக்கு ஒரு கைக்குட்டை, வியர்வைக்கு ஒன்று. இரண்டையும் மாற்றித் துடைத்துக்கொண்டு நெற்றியெல்லாம் கரியாக நிற்பார். தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்கள்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். கடைசி இலக்கமான வாலை வெட்ட வெட்டப் பகா எண்ணாகவே மிஞ்சுகிறவை என்றால் உயிர்.

போன மாதம் எங்கள் மீட்டர் 7240. அடுத்த மாதம் அது எட்டக்கூடிய எண்ணை, வாலை வெட்டி வெட்டி, பில்லின் பின்புறம் எழுதி அம்மாவிடம் நீட்டினார்: 7393, 739, 73, 7.

“எங்க வெட்டினாலும் எவனும் பங்கு கேக்க முடியாது தங்கச்சி. நாலு இலக்கத்துல இந்த மாதிரி பதினாறு பேர். பதினஞ்சு பேரை மீட்டர்லயே பாத்து டைரியில குறிச்சாச்சு. இந்தக் கடைக்குட்டிதான் பாக்கி. அடுத்த மாசத்தோட நடை முடியுது, அப்புறம் ஆபீஸ்ல நாற்காலி.”

அம்மா பில்லைப் பத்திரப்படுத்தினாள்.

அவர் வரவேண்டிய நாள் காலை, மீட்டரில் 7391. அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். சட்டைகள் தீர்ந்து, தலையணை உறைகள் தீர்ந்து, என் கைக்குட்டை வரை தேய்த்தாள். பதினொரு மணிக்கு 7393. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாள்.

பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. ஆளைக் காணோம். குளிர்பெட்டி அடியில் தண்ணீர் தேங்கியது. அப்பா செய்தித்தாளால் விசிறிக்கொண்டார்.

“ஒரு நம்பருக்காக நான் வேகணுமா?”

“கல்யாணத்தன்னிக்கு நீங்க லேட்டா வந்தப்போ நான் இதைவிட வெந்தேன்.”

ஒன்றரைக்கு வந்தார். மீட்டரைப் பார்த்தார். நின்றிருந்த விசிறியை, அப்பாவின் நனைந்த பனியனை, மடித்து அடுக்கிய துணிக் குன்றைப் பார்த்தார்.

“எனக்காகவா தங்கச்சி?”

“பின்ன? உள்ள வாங்கண்ணே, நம்பர் ஓடாது.”

டைரியை எடுத்தார். 7393 என்று எழுதி, கடைசி 3-இன்மேல் இன்னொரு முறை பேனாவை ஓட்டினார். பிறகு, “நானே போடட்டுமா?” என்று கேட்டு மெயின் சுவிட்சை மேலே தள்ளினார். விசிறி சுற்றியது. மீட்டருக்குள் சக்கரம் நகர்ந்து, கடைசி 3 மெல்ல மேலேறத் தொடங்கியது. அதைப் பார்த்துக் கையசைத்தார்.