நல்லதையே சொன்ன வாய்

ஓலைத்தொடுவாய்ச் செலீனாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர். மீன் வாங்க வருகிறவன் தராசில் விரல் வைத்தால், அவன் பரம்பரையையே கரைக்கு இழுத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் இரண்டு வருசம் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தாள் என்றால் அது மகளுக்காகத்தான்.

மதுஷிகாவுக்கு இரண்டு வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. பின்னால் சட்டி விழுந்தாலும் பிள்ளை மணலை அளைந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கோகுலன் என்ற மனப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். ஊர் மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு, பிறகு தினமும் காலையில் போனில் அவர் குரல். நினைப்பது நடக்குமாம், சொல்வது பலிக்குமாம். இல்லை என்று சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். கேட்டது கிடைத்துவிட்டதென்றே பேச வேண்டுமாம். என்ன கெட்டித்தனம், பாருங்கள்.

கடலுக்குப் போகிறவர் வீட்டில் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது. கணவன் சிங்கராசா படகைத் தள்ளும்போது எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. காற்று கடுமை என்றோ, மீன் படாது என்றோ ஒருவரும் வாய் திறப்பதில்லை; சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதைக் காத்து வந்தவளுக்குக் கோகுலன் சொன்னது புதுக்கதையாகவே படவில்லை.

கிளினிக்கில் நிறை பார்க்கும் மருத்துவமாது, பிள்ளை பேசுகிறாளா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

"ஓம் மிஸ், நல்லாக் கதைக்கிறா" என்றாள் செலீனா.

பிள்ளை சிரித்த முகமாய் இருந்ததால் மருத்துவமாதும் துருவவில்லை. பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் பேச்சு சரியென்று குறி விழுந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று சிங்கராசா சொன்னபோது, வாயை மூடச் சொல்லி அவனோடு மல்லுக்கு நின்றாள்.

மாதங்கள் போயின. ஒரு சொல்லும் வரவில்லையே என்று கோகுலனிடம் கேட்டாள். உங்கள் மனதில் எங்கேயோ சந்தேகம் இருக்கிறது, அதுதான் தடுக்கிறது என்றார் அவர், தேன் குரலில். பாவி மனிதன்! பலித்தால் அவர் கெட்டித்தனம், பலிக்காவிட்டால் பெற்றவள் குற்றம். மீன் நுழைந்தால் வெளியேறத் தெரியாத கூடு அது. அதற்குள் கிடந்து, தன் மனதையே திருட்டு மனது என்று ஏசிக்கொண்டாள் செலீனா.

நாலு வயதில் முன்பள்ளிக்கு விட்டபோது ஆசிரியை சிவராணி ஒரே கிழமையில் குறையைக் கண்டுபிடித்துவிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். போனார்கள். பரிசோதித்த டொக்டர் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் சரி என்று குறி.

"இதில நல்லாக் கதைக்கிறா எண்டு கிடக்கு. ஆர் சொன்னது அம்மா?"

செலீனா அந்தக் குறிகளைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னனான்" என்றாள். பிறகு, இரண்டு வருசமாகச் சொல்லாததைச் சொன்னாள். "என்ர பிள்ளைக்குக் காது கேக்கேல்ல டொக்டர்."

முன்னமே வந்திருந்தால் பேச்சு வர வைப்பது எவ்வளவோ சுலபம் என்றார் அவர். இனியும் முயற்சி செய்யலாம், ஆனால் போன காலம் போனதுதான் என்றார்.

கோகுலன் சொன்னது அவ்வளவும் பொய் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஐயோ, காது கேட்காதென்று என் வாயாலேயே சொல்லிவிட்டேனே என்று பதறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மடியிலிருந்த மதுஷிகா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அம்மாவின் உதடு தெரிந்தால்தான் அவளுக்கு ஏதாவது விளங்கும்.