இந்தியர்களுக்குக் கட்டாயமில்லை

மலேசியாவில், ஜொகூர் பாரு மருத்துவமனை ஒன்றில் நான் பார்மசிஸ்ட். வலிப்பு மாத்திரை யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே காட்டும் மரபணுப் பரிசோதனை எல்லா இனத்தவருக்கும் தேவையா என்று பார்க்கச் சொன்னார்கள். அதற்காக இங்கே நடந்த ஆய்வில் இந்தியர்களின் ரத்த மாதிரி கொஞ்சம்தான் இருந்தது. அதில் ஆபத்து எதுவும் தெரியவில்லை. ‘இந்தியர்களுக்குக் கட்டாயமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பாராட்டினார்கள்.

சில மாதங்களில், உலு திராமிலிருந்து வந்த சாந்தி என்ற நோயாளிக்கு அதே மாத்திரையால் உடம்பெல்லாம் தோல் உரிந்தது. முன்பே ஏன் சோதிக்கவில்லை என்று அவள் கணவர் கேட்டார். ஆய்வில் நம் ஆட்கள் குறைவு என்றேன்.

“நாம கம்மின்னு மாத்திரைக்குத் தெரியுமா மிஸ்?”

அந்த ஆய்வு நடந்தபோது என்னிடமும் ரத்தம் கேட்டு வந்திருந்தார்கள். “பிஸி லா, வேற ஆளப் பாருங்க” என்று அனுப்பியவள் நான்.