இரண்டு ரிங் அடித்தால் சுகம்

மகள் போன கிழமை புறப்படும்போது என் கைபேசியில் ஒரு நீலப் புள்ளியை வைத்துவிட்டுப் போனாள். "அப்பா, உந்த டொட்தான் நான். சும்மா சும்மா கோல் எடுக்காதீங்கோ, ஓகே?" என்றாள். அந்தப் புள்ளி இப்போது மத்தியதரைக் கடலோரமாகப் பிரான்சிலிருந்து இத்தாலிப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தனியாக, சைக்கிளில். நான் இங்கே ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி இருக்கிறேன். வேலைவெட்டி இல்லாத மனிதன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

போகுமுன் அவள் கராஜில் ரியூப் ஒட்டிப் பழகினாள். அந்தச் சொலூசன் பசை மணம் இன்னும் போகவில்லை. அந்த மணத்துக்கு எனக்கு ஊர் ஞாபகம் வரும் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, தொண்ணூறுகளில் நாங்கள் ஆறு ஆம்பிளைகள் அடைந்து கிடந்த அப்பாட்மென்ற்தான் வருகிறது. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ரியூபை அமுக்கிக் குமிழி பார்ப்பேன். குளிக்கக் காத்து நிற்பவர்கள் கதவில் தட்டித் திட்டுவார்கள்.

நான் வேலை செய்த பாண் சுடும் தொழிற்சாலையில் அந்தக் கோடையில் ஆட்குறைப்பு. மற்றவர்கள் உடனே வேறு வேலை தேடிப் போனார்கள். எனக்கு மட்டும் விசர் பிடித்தது. மார்சேயிலிருந்து ரோம் வரை கடலோரமாகச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அன்று சமையல் முறை செல்வத்தினுடையது. கரண்டியோடு வெளியே வந்தான்.

"சைக்கிள் ஓடுறதெண்டால் ஊரிலையே ஓடியிருக்கலாமேடா. பிளேன் ஏறிப் போயோ ஓடவேணும்?"

பாரிசில் எனக்கு ஒரு பெட்டை இருக்கிறாள் என்று ஒருவன் ஊகித்தான். இல்லை, ஆட்களை எல்லை கடத்துகிற ஏஜென்சி வேலை தொடங்கிவிட்டான் என்றான் இன்னொருவன். எல்லைகளை ஒளித்துக் கடந்து வந்த எங்களுக்கு, ஒருவன் சும்மா கடல் பார்க்கப் போவான் என்பது நம்பக்கூடிய விஷயமாக இருக்கவில்லை. சத்தியமாகச் சும்மாதான் போனேன்.

என்னைக் கனடாவுக்கு எடுத்தது என் அண்ணை. அவரும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் அந்தப் பகிடிகளில் சேரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் இருந்த எங்கள் தம்பி ஒரு பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. அம்மா ஆமி முகாம் முகாமாக ஏறி இறங்கினா. நாங்கள் இரண்டு பேரும் இங்கே ரெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒவ்வொரு பின்னேரமும் ரிங் விடு. அது காணும்."

இந்த ரிங் விடுகிற கலையை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது. இரண்டு தரம் அடித்ததும் வைத்துவிட வேண்டும். சுகமாக இருக்கிறேன் என்று அர்த்தம். வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது, எடுத்தால் காசு போய்விடும். அங்கே பின்னேரம் என்றால் இங்கே மத்தியானம். இரவு வேலைக்காரர் யாராவது வீட்டில் இருப்பார்கள். நான் ஒரு நாளும் தவறவில்லை. கால் கடுக்க, முதுகு உப்புப் பூத்துக் கிடக்க, ஊர் ஊராகத் தொலைபேசிக் கூண்டைத் தேடி இரண்டு ரிங் விட்டுவிட்டுத்தான் பாணையும் மீன் ரின்னையும் பிரிப்பேன். கடமை முடித்த பெருமை வேறு.

கடலைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். எதிர்க்காற்றில் குனிந்து மிதிப்பவனுக்குக் கடல் பாதி நேரம் கண்ணிலேயே படாது. ஆனால் பிரான்சின் கடைசி ஊரைத் தாண்டி, பாதை மலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒடுங்குகிற அந்த இடம் மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. இத்தாலி எல்லைச் சாவடி தெரிந்தது. பையில் இருந்த பயணப் பத்திரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வளைவில் திரும்பினேன்.

வளைவில் அண்ணை நின்றார்.

கொதிக்கிற வெயிலில், ரொறன்ரோவில் வேலைக்குப் போடுகிற அதே குளிர் ஜக்கெற்றோடு. அம்மா போய்விட்டா என்றுதான் நினைத்தேன். பிரேக்கைப் பிடித்தேனா, விழுந்தேனா தெரியாது, முழங்கால் உரிந்தது பிறகுதான் தெரிந்தது. அண்ணை ஓடிவந்தார். என்னைத் தூக்கவில்லை. சைக்கிள் ஹாண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோடைதான் இருக்கிறியா? ஏன்டா ரிங் விடேல்லை?"

"ஒவ்வொரு நாளும் விட்டனான் அண்ணை!"

அண்ணையின் வாய் கோணியது. "மணி அடிச்சதுதான். செல்வம்தான் அது லண்டனிலை இருக்கிற தன்ரை மச்சான்ரை ரிங் எண்டான். அவங்களும் ரண்டுதான் விடுறவங்களாம். பிறகு எந்த ரிங் ஆரின்ரை எண்டு எனக்குத் தெரியேல்லை."

அத்தனை கூண்டுகளிலிருந்தும் நான் அடித்த மணிகளில் ஒன்றைக்கூட அவரால் நம்ப முடியாமல் போயிருக்கிறது.

"இஞ்சை நிண்டால் வருவன் எண்டு எப்பிடித் தெரியும்?"

"கடலை விட்டிட்டு நீ எங்கை போவாய்? எல்லையைத் தாண்டத்தானே வேணும். கனடாவுக்கு வரேக்கை நான் உந்த மலையாலை ஒளிச்சு நடந்து வந்தவன், எனக்குத் தெரியாதே இந்த இடம்?" எத்தனை நாளாக நிற்கிறார் என்று அவர் சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி, "சின்னவனைத் தேடிப் போக எங்களுக்கு ஏலாமல் போச்சு. இஞ்சை தேடுறதுக்கு ஒரு ரோட்டெண்டாலும் இருக்கு" என்றார்.

நடுவீதியில் நின்று இரண்டு பேரும் அழுதோம். எல்லைக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஊரில் செய்வதுபோல் அண்ணையைச் சைக்கிள் பாரில் இருத்தி, டபிளாக ரயில் ஸ்ரேசனுக்கு மிதித்தேன். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். ரோம் அத்தோடு சரி.

அந்த வீடு கலைந்துவிட்டது. செல்வம் ஒஷாவாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான். கூண்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள், ரிங் விடுவாரும் இல்லை. போன மாரியில் அண்ணையும் போய்விட்டார்.

சற்று முன் நீலப் புள்ளி நின்றுவிட்டது. பெருப்பித்துப் பார்த்தேன். அதே வளைவு. எடுக்காதே என்று சொன்னதையும் மறந்து கோல் எடுத்தேன்.

"அப்பா, தண்ணி குடிக்க நிண்டனான். நான் நிக்கிறது உங்களுக்குத் தெரியுதெல்லே? பிறகேன் எடுக்கிறீங்கள்?"

"அந்த வளைவிலை ஆரும் நிக்கினமோ, பிள்ளை?"

அவள் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தரும் இல்லையே. ஏனப்பா?"

ஒன்றுமில்லை என்றேன்.