அதிகாரி சாப்பிட்ட சாம்பார் சாதம்

காங்கேயத்துப் பக்கம் நான் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியில் அம்மாதான் சத்துணவுச் சமையல். பெருமைதான், ஆனால் சோறு குழைந்தாலும் சாம்பார் தண்ணியானாலும் பிள்ளைகள் என் ஜடையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். அந்த வருஷம் வந்த பருப்போ வண்டு விழுந்தது. எத்தனை முறை புடைத்தாலும் ஒரு கசப்பு மிஞ்சும். பாதிப் பிள்ளைகள் முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைக் கொட்டினார்கள்.

அதிகாரி பார்வைக்கு வரும் நாளில் மட்டும் சத்துணவு அமைப்பாளர் கடையில் நல்ல பருப்பு வாங்கி வருவார். அன்றும் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்து, "ருசி செரியில்லீன்னா உங்க வேலைதானுங்க போகும், பாத்துக்குங்க," என்றார். கதவோரம் நின்று நானும் கேட்டேன். அப்பா மில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த சமயம் அது.

பதினொன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்கும் சாக்கில் சமையலறையை எட்டிப் பார்த்தேன். பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அண்டாவில் வெந்திருந்தது வண்டுப் பருப்பு. பதற்றத்தில் அம்மா மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இனிச் சொல்லி என்ன, ஜீப் சத்தம் கேட்டுவிட்டது.

ருசி பார்க்கும் தட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோவது வகுப்புத் தலைவியான என் பொறுப்பு. அம்மா அண்டாவிலிருந்து நிறைய அள்ளி வைத்து, "சிந்தாம கொண்டு போ கண்ணு," என்றாள். நான் பின்கேட் வழியாக வீட்டுக்கு ஓடினேன். பள்ளிச் சுவரை ஒட்டித்தான் வீடு. நல்லவேளை, அப்பா வெளியே போயிருந்தார். தட்டில் இருந்ததைக் கோழிக்குக் கொட்டிவிட்டு, அம்மா காலையில் ஆக்கி வைத்திருந்த சோற்றையும் சாம்பாரையும் பிசைந்து நிரப்பினேன். யாராவது பார்த்திருந்தால் தொலைந்தேன்.

அதிகாரி தட்டைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நிறுத்தி, சமைத்தவரைக் கூப்பிடச் சொன்னார். எனக்கு உயிரே இல்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா வந்தாள். அவள் முகத்தில் பயமில்லை. எதையோ சொல்லத் தயாராக வந்தவள் போலிருந்தாள்.

"முருங்கக்காயெல்லாம் போட்டு அருமையா செஞ்சிருக்கீங்களே! பருப்பு நல்லா வருதுங்களா?"

பள்ளிச் சாம்பாரில் அன்று அரசாணிக்காய் மட்டும்தான். அம்மா தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கே உளறிவிடுவாளோ என்றிருந்தது எனக்கு.

"வருதுங்க," என்றாள்.

அவர் பதிவேட்டில் 'சுவை நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வண்டுப் பருப்பு முழுப் பரீட்சை வரை வந்தது. நானும்தான் தின்றேன்.

பிள்ளைகள் தின்பதை அவரும் ஒரு வாய் தின்று பார்க்கட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று அம்மா துணிந்திருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் பொய் சொன்னாள். இதெல்லாம் எனக்கு அன்று எட்டவே இல்லை. சாயங்காலம் அண்டாவைத் தேய்த்தபடியே அழுதாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "வேலதான் போகலீல்லம்மா, அப்புறம் ஏம்மா அழுவறே?" என்று சமாதானம் சொன்னேன்.