சதுர அங்குலம் இவ்வளவு

பிடித்த படத்துக்கும் பிடிக்காத படத்துக்கும் ஒரே கணக்கில் விலை வைக்கிற மனுஷிக்குப் பிடித்தம் என்று ஒன்று உண்டா, இல்லையா? லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய கணவருக்கு இது பல வருஷச் சந்தேகம்.

ஓவியர் தரையில் மண்டியிட்டு, காய்ந்த படத்தின் மேல் தையல் நாடாவை இழுத்துப் பிடிக்கிறார். நுனி நைந்துபோன நாடா; அதனால் ஒன்றிலிருந்து அளக்கத் தொடங்குவார். முடிவில் அந்த ஒன்றைக் கழிக்க மறந்துவிடுவார். “ஏம்மா, மறுபடியும் ஓர் அங்குலம் திருடுறியே,” என்பார் கணவர். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்துவார். நீளம், அகலம், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி, சீட்டில் எழுதி ஓரத்தில் ஒட்டிவிடுவார். ஒரு மத்தியானத்தில் முடிந்த படமோ, ஒரு வருஷம் இழுத்தடித்த படமோ, கணக்கு மாறாது.

“தரைக்கு டைல்ஸ் விக்கிற மாதிரி விக்கிறியே!”

“முன்ன மனசைக் கேட்டுத்தானே விலை வச்சேன்? பிடிச்சதுக்கெல்லாம் கூட வச்சேன், எவனும் வாங்கலை. பிடிக்காததைக் குறைச்சேன், பறந்து போச்சு. இந்த ஊர்ல எல்லாச் சுவத்துலயும் என் மோசமான படமா தொங்குது. என் பேரை நானே கெடுத்துக்கிட்டேன்.”

இதில் நியாயம் இருந்தது. பேரம் பேச வருகிறவர்களிடமும் நாடாதான் பேசும். “பாதிக்கு மேல வெறும் வானம்தானே, குறைச்சுக்கக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டபோது, “வானத்துக்கும் பெயிண்ட் காசு குடுத்துத்தாங்க வாங்கணும். அண்ணாந்து பூசினதுல கழுத்து வலி வேற,” என்றார்.

போன முறை வீட்டு முன்னறையில் படங்களை விற்பனைக்கு மாட்டியபோதுதான் வம்பு வந்தது. அவற்றில் ஒன்று கணவரின் முதுகு. லிஃப்ட் மோட்டார் அறையில் அவர் குனிந்து வேலை செய்வதைப் பின்னாலிருந்து வரைந்தது. காலரில் கிரீஸ், தோள்பட்டையில் வியர்வை. பல மாதங்கள் திரும்பத் திரும்பப் பூசிய சின்னப் படம்.

கணவர் சீட்டைப் பார்த்தார். “அந்த வாழைத்தாரு என் முதுகை விட விலை கூடவா?”

“அது நீளம்.”

கணவர் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தம் முதுகை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டார். கதவு திறந்தே இருக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. படம் பார்க்க ஒரு பல் டாக்டர் வந்தார், காற்று அடிக்கிறது என்று கதவைச் சாத்தினார், அங்கேயே நின்றுவிட்டார்.

“என் கிளினிக்ல காத்திருக்கிறவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துப் பயப்படறாங்க. இப்படி ஒரு முதுகு இருந்தா நிம்மதியா இருக்கும். ரெண்டு பங்கு தர்றேன், குடுங்க.”

கணவர் மனைவியைப் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் வந்தால் போதும்.

“ரெண்டு பங்கு எதுக்கு டாக்டர்? சீட்டுல இருக்கிறதைக் குடுங்க.”

படங்களைப் பொதிந்து கொடுப்பது கணவரின் வேலை. அன்று ஒரு சுற்று போதுமான இடத்தில் நான்கு சுற்று சுற்றினார். டாக்டர் போனதும், “இதை விக்காம இருந்திருக்கலாம்ல?” என்றார்.

“மாட்டினா விக்கத்தான். என்ன, அழுவீங்க போலிருக்கே?”

“நான் எதுக்கு அழணும்? அசல் முதுகு என்கிட்டதானே இருக்கு.” சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வீடு திரும்பியபோது உள்ளறையில் தச்சர் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார். சுவருக்குச் சுவர் ஒரு மரச்சட்டம். அதில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. லிஃப்ட் பெட்டிகளை எத்தனையோ கட்டடங்களுக்குள் நுழைத்த கண்ணுக்கு நாடா தேவைப்படவில்லை.

“ஏம்மா, இது வாசல்ல போகாது. ஜன்னல்லயும் போகாது. அளவைத் தப்பாச் சொல்லிட்டியா?”

“நல்லா யோசிங்கன்னு நானும் ரெண்டு தடவை கேட்டேன் சார்,” என்றார் தச்சர். “இதேதான் வேணும்னுட்டாங்க.”

ஏன் அந்த அளவு என்று ஓவியர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டார்.

“சட்டையை மாத்தாதீங்க. இப்படித் திரும்பி உக்காருங்க.”