லேமினேஷன் போட்ட கிராப்

கோயமுத்தூர்ல பொறந்து குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவ நான். கண்ணு தெரியாத பிள்ளைங்க விரலால தொட்டுப் படிக்கிற படங்கள் செய்யறதுதான் எம் பொழப்பு. முக்கோணம், பூவோட உள்பாகம், இதயம், நீலகிரி மேப்பு, எதைக் கேட்டாலும் கெட்டித் தாள்ல மேடாக்கிக் குடுத்துருவேன். "இந்தப் பிள்ளைகளுக்குப் படம் எதுக்குங்க?"ன்னு யாராச்சும் கேட்டா எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இன்னிக்கும் வருது.

பந்தலூர் எஸ்டேட்டுல இருந்து வந்து எங்க ஸ்கூல் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஒரு வருசம் பத்தாவது பாஸ் பண்ணினா. பொறவியிலயே பார்வை கிடையாது. பதினொண்ணாவதுல கணக்கு குரூப்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னா. ஹெச்.எம். மேடமோ, "கிராப்பெல்லாம் வருமே, எப்படிம்மா சமாளிப்பே? வரலாறு எடுத்துக்கோ"ன்னாங்க. நான் விடுவனா? "படம் நான் போட்டுத் தாரனுங்க. அவ படிச்சுக் காட்டினா சீட்டுக் குடுப்பீங்களா?"ன்னு கேட்டேன். திங்கக்கெழம பாக்கலாம்னாங்க.

வெள்ளிக்கெழமையே கிராப்புகளை மேடாக்கின தாளுகளை ஆபீஸ்ல குடுத்துட்டேன். ஆனி மாசச் சாரல், ஊட்டுச் செவுரே ஊறிக் கெடக்குற காலம். ஆபீஸ் கிளார்க் நல்ல மனுசன்தான். ஈரம் பட்டுக் கெட்டுப் போயிருமேன்னு அத்தனையும் பஜாருக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டு வெச்சுட்டாரு! சூட்டுல போட்டு அமுக்கினா மேடு நிக்குமா?

திங்கக்கெழம அவ தடவறா, தடவறா. "டீச்சர், வழுவழுன்னு இருக்கு. ஒண்ணுமே இல்லையே"ன்னு சொல்றப்ப அவ மொகம் சுண்டிப் போச்சு.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்"னாங்க மேடம்.

நான் முன்னால போயி நின்னேன். "கண்ணு இருக்கிற நம்ம பண்ணின கூத்துக்கு அவ எதுக்குங்க சீட்டை விடணும்? ஒரு தாள் குடுங்க, இங்கயே போடறேன்!"

தையக்காரங்க துணியில அடையாளம் போடற பல்லுச் சக்கரமும் ஒரு ரப்பர் ஷீட்டும் எப்பவும் எம் பையில கெடக்கும். ரப்பர் ஷீட்டு மேல தாளை வெச்சு உருட்டினேன். பின்பக்கம் உருட்டினாத்தான் முன்பக்கம் புள்ளி எழும்பும். அதனால எல்லாத்தையும் இடம் வலமா மாத்திப் போடணும். மேடம் எட்டிப் பாத்துட்டு, "கோடு எறங்குதே, தப்பாப் போடறீங்க"ன்னாங்க. "செத்த பொறுங்க"ன்னு தாளைத் திருப்பி அவ கைக்கு அடியில வெச்சேன்.

அவ விரலு மெதுவா நகந்துச்சு. "ஏறுது மேடம். பாதி வரைக்கும் நல்ல ஏத்தம், அதுக்கு மேல மட்டமாப் போகுது."

சரியான பதிலு. ஆனா மேடம் எறங்கி வரல. "இன்னிக்கு இவங்க இருக்காங்க, சரி. இவங்க வராத அன்னிக்கு என்ன பண்ணுவே?"

வாய்க்கு வந்ததை நான் கொட்டியிருந்தா வேலையே போயிருக்கும். அதுக்குள்ள அந்தப் பொண்ணு என் கையில இருந்த சக்கரத்தைப் புடுங்கிட்டா. தெனமும் சாயங்காலம் நான் வேலை செய்யறப்ப பக்கத்துல வந்து உக்காருவா, எப்பக் கத்துக்கிட்டாளோ! புதுத் தாளைத் தடவி வெச்சு, ஸ்கேலை அழுத்திப் புடிச்சு, ரெண்டு அச்சு, ஒரு சாய்கோடு உருட்டினா. திருப்பி, மேடம் பக்கமாத் தள்ளினா.

"அன்னிக்கு நானே போட்டுக்குவேன் மேடம். கணக்கு குரூப்புல எம் பேர எழுதுங்க."