கிழக்குச் சுவருக்கு எஸ்டிமேட்

அடுத்தவர் வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் என் தொழில். வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க என்ன ஆகும், என்னென்ன வேலை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். அடிப்பது செல்வராஜ் அண்ணன். அவருக்குக் கை வலிக்கும், எனக்குக் கழுத்து வலிக்கும். நம் மாவட்டத்தில் மழை வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து சுவரெல்லாம் பாசி வளர்த்துவிட்டுப் போவதால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பெயிண்டர்களை வீட்டில் விட்டு அனுபவப்பட்ட புண்ணியவான்களே, உங்கள் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும். இரணியலில் ஒரே வீட்டில் நாங்கள் பட்டதையும் கொஞ்சம் கேளுங்கள்.

பட்டுச்சேலையில் போனது என் தப்பு

ஏசுதாசன் அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் பினீஷுக்குப் பெண் உறுதியாகியிருந்தது. பெண் வீட்டார் ‘வீடு காண’ வரவேண்டும். எங்கள் பக்கத்தில் அது ஒரு சடங்கு. சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து, பையன் வீட்டைச் சுற்றிப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதற்குள் வீடு பளிச்சென்று ஆகவேண்டும் என்று எங்களை வரச்சொன்ன அண்ணாச்சி, மனைவியிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார்.

நாங்கள் ஒரு கல்யாணத்திலிருந்து நேராகப் போயிருந்தோம். நான் பட்டுச்சேலை, செல்வராஜ் அண்ணன் வெள்ளை வேட்டி. வீட்டைச் சுற்றி வந்தோம். சுவரைத் தட்டிப் பார்த்தோம். அண்ணன் ஒரு வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வாசலில் நின்ற அண்ணாச்சியின் மனைவி ராஜம் அக்காவுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. உள்ளே அழைத்துப் போய் ஃபேனைப் போட்டு, தட்டு நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்து, பையன் சிகரெட்டைத் தொடமாட்டான், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடமாட்டான் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எஸ்டிமேட்டுக்குப் போன இடத்தில் இப்படி ஒரு மரியாதையை நான் கண்டதில்லை. எதற்கு என்று விளங்காவிட்டாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்ததும் அக்கா முகம் மாறியது.

“பெயிண்டுக்கு வந்த ஆளுகளா நிங்க? கடிச்சதத் தின்னுங்க, பாக்கியத் தட்டுல வையுங்க. அது பெண்ணு வீட்டுக்காரங்களுக்கு உள்ளதாக்கும்!”

மஸ்கட்டுக்குப் பிடித்த பச்சை

கலரைப் பினீஷ்தான் முடிவு செய்யவேண்டும் என்றார்கள். வெளிநாட்டில் மகன் இருக்கிற வீடுகளில் இதுதான் வழக்கம். முன் சுவரில் மூன்று கட்டம் அடித்துக் காட்டினோம். ஒன்று சந்தனம், ஒன்று வெளிர்நீலம், ஒன்று கிரீம். அண்ணாச்சி போனை நீட்டிப் பிடித்தார். அவர் கை ஆடிய ஆட்டத்தில் மஸ்கட்டில் இருந்தவனுக்குத் தலை சுற்றியிருக்கும்.

பினீஷ் மூன்றையும் பார்த்தான். திடீரென்று உற்சாகமாகி, “அந்த நாலாவது, ஓரத்துல உள்ள டார்க் பச்சை, அது சூப்பரா இருக்கு! அதையே அடிச்சிரலாம்” என்றான். நாலாவது எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடினோம். செல்வராஜ் அண்ணன்தான் கண்டுபிடித்துப் போனுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, அது பெயிண்ட் இல்ல, பாசியாக்கும். மழை ஓசியில அடிச்சுத் தந்தது, அதுக்கு எஸ்டிமேட்டே வேண்டாம்.”

கடைசியில் கிரீம் என்று முடிவானது.

கயிறு கட்டி இறக்க

மூன்று சுவர்களை அளந்தாயிற்று. கிழக்குச் சுவரில்தான் கதை முட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சுவர் எல்லையை ஒட்டினாற்போல் எழும்பி நிற்கிறது. சாரம் கட்டவேண்டுமென்றால் பக்கத்து வீட்டுத் தங்கப்பன் அண்ணாச்சியின் மண்ணில்தான் குழாயை ஊன்றவேண்டும். அவரோடு ஏசுதாசன் அண்ணாச்சிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் வீட்டுப் பலாமரத்திலிருந்து ஒரு பழம், எங்கள் பேச்சில் சக்கை, விழுந்து இவருடைய ஸ்கூட்டரின் முகத்தைப் பெயர்த்துவிட்டது. வார்த்தை தடித்து, அன்றோடு போக்குவரத்து நின்றுபோனது.

“மூணு செவருக்கு மட்டும் கணக்குப் போடுங்க மக்களே” என்றார் ஏசுதாசன் அண்ணாச்சி. எனக்கு மனசு கேட்கவில்லை. தங்கப்பன் அண்ணாச்சி வீடு தணிந்த ஓட்டு வீடு. ரோட்டில் வருகிற வேனிலிருந்து பார்த்தால் அதற்கு மேலே இந்த மாடிச் சுவர்தான் கறுத்துப்போய் முதலில் கண்ணில் படும். வருகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே வீட்டைப் பற்றி முடிவு கட்டிவிடுவார்கள். அக்கா கண் கலங்கிவிட்டார். மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் தொங்கி அடிக்க முடியுமா என்று அண்ணாச்சி கேட்டார். செல்வராஜ் அண்ணனுக்கு வந்ததே கோபம்!

“கயிறு கட்டி இறக்க நான் என்ன சக்கையா?”

அடுக்களை ஜன்னல்

எஸ்டிமேட் போடுகிறவளுக்குத் தூது போகிற வேலை உண்டா என்று கேட்காதீர்கள். போனேன். தங்கப்பன் அண்ணாச்சி தேங்காய் வியாபாரி. மலை மாதிரி ஆள். சாரம் என்று நான் வாயைத் திறந்ததும் எழுந்தார். விரட்டப்போகிறார் என்று செருப்பைத் தேடினேன். அவரோ, “இஞ்ச வாங்க” என்று என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜன்னல் முழுக்க அந்தச் சுவர்தான். வானம்கூடத் தெரியவில்லை. பாசியும் கறையும் உரிந்த சுண்ணாம்புமாக அது எங்களைப் பார்த்து நின்றது. இதைப் பார்த்துக்கொண்டு காலையில் ஒரு மனிதர் எப்படித்தான் டீ குடித்தாரோ! எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

“செவரு அவனுக்கதுதான். ஆனா டெய்லி முழிச்சு எழும்பிக் காணுறது நானாக்கும். சாரத்த எங்க வேணும்னாலும் ஊணுங்க, கலரு நான் சொல்லுவேன். அவனுக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

சுளை

நான் திரும்பி வந்து சொன்னதும் ஏசுதாசன் அண்ணாச்சி குதித்தார். “என் வீட்டுக்கு அவன் கலரு பாக்கவா?” முற்றத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். ராஜம் அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். கடைசியில் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து, ரகசியம் கேட்பதுபோல, “என்ன கலராம்?” என்றார்.

ஷேட் கார்டில் தங்கப்பன் அண்ணாச்சி விரல் வைத்துக் காட்டிய இடத்தை நீட்டினேன். பொன் மஞ்சள். நன்றாகப் பழுத்த பலாச்சுளையின் நிறம். அண்ணாச்சி அதைப் பார்த்தார், எல்லைக்கு அப்பால் நின்ற பலாமரத்தைப் பார்த்தார். கோபம் வெடிக்கப்போகிறது என்று நான் பின்வாங்கினேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சவம், ஸ்கூட்டர்ல போட்டது போதாதுண்ணு இப்பம் செவத்துலயும் போடுறான் பாருங்க! அடிங்க மக்களே, அடிங்க.”

இருந்து பார்ப்பது

கழுவி, வெடிப்பை அடைத்துப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மஞ்சள் ஏறியது. சாரம் பிரிக்கிற அன்று ஏசுதாசன் அண்ணாச்சிக்கு ஒரே தவிப்பு. தன் சுவர் எப்படி வந்திருக்கிறது என்று முழுசாகப் பார்க்கவேண்டும். எங்கே நின்று பார்ப்பது? ரோட்டிலிருந்து மேல்பாதிதான் தெரியும், அந்த ஜன்னலை விட்டால் வேறு இடமில்லை. வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குப் பின்னால் ஒளிந்தமாதிரியே வந்தார்.

சுவரில் வெயில் பட்டு, ஜன்னல் வழியே அடுக்களையே பொன்னாக இருந்தது. பாத்திரமெல்லாம் மின்னியது. அண்ணாச்சி வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். தங்கப்பன் அண்ணாச்சி அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலை மட்டும் காலால் தள்ளிவிட்டார்.

“செவரு எங்கயும் ஓடிப்போவாது. இருந்து பாரு, சாயா இப்பம் வரும்.”

வேன் வந்த நாள்

அன்று ராஜம் அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். இந்தத் தடவை முந்திரிக்கொத்தை அவரே என் கையில் திணித்தார். வேன் எங்கே நிற்கும் என்ற கவலையும் இல்லை. தங்கப்பன் அண்ணாச்சி தேங்காய்க் குவியலை ஒதுக்கித் தன் முற்றத்தைத் திறந்துவிட்டு, இங்கே வந்து மாமன் முறைக்குச் சட்டமாக நடுச்சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

இறங்கியவர்கள் கிழக்குச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு வீட்டைச் சுற்றி வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் சாயா குடித்துவிட்டு, மஞ்சள் சுவர் யார் பார்த்த கலர் என்று விசாரித்தார். தங்கப்பன் அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டார். அத்தை ஏசுதாசன் அண்ணாச்சியிடம் திரும்பினார்.

“வீடு எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா அண்ணே, மத்த மூணு செவத்துக்கும் இவருட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா?”

இப்போதெல்லாம் எஸ்டிமேட்டுக்குப் போனால் டேப்பைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் சாயாவைப் பக்கத்து வீட்டு அடுக்களையில்தான் குடிக்கிறேன்.